கலாஷ்னிகோவ் மலிவாகப் பிறக்கவில்லை

2017 செப்டம்பரில் மாஸ்கோவில் மிகையில் கலாஷ்னிகோவுக்குச் சிலை திறந்தார்கள். கையில் துப்பாக்கியோடு நிற்கும் பெரிய சிலை. திறந்து மூன்று நாள்தான் ஆகியிருக்கும், ஒரு வேடிக்கை நடந்தது. சிலையை ஒட்டிய பகுதியில் அலங்காரமாகப் பொறித்திருந்த வரைபடங்களில் ஒன்று கலாஷ்னிகோவின் துப்பாக்கியே இல்லை, ஹிட்லர் காலத்து ஜெர்மனியின் ஸ்டூர்ம்கெவேர்-44 என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்! சிற்பி தவறை ஒப்புக்கொண்டார். ஒரு தொழிலாளி வந்து, அந்தத் துண்டை மெஷின் வைத்து அறுத்து எடுத்துப் போனார். உலகமே சிரித்தது.

அந்தத் தவறை அறுத்து எடுத்தாயிற்று. ஆனால் ஏகே-47 பற்றி உலகம் நம்பிக்கொண்டிருக்கும் இன்னொரு தவறு அப்படியே இருக்கிறது. பத்திரிகைக் கட்டுரையோ, டிவி ஆவணப்படமோ, எதை எடுத்தாலும் ஒரே பல்லவிதான். படிக்காத ஒரு விவசாயி மகன், டாங்கிப் படை சிப்பாய், 1941-ல் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எளிமையான, மலிவான, எவனும் செய்துவிடக்கூடிய ஒரு துப்பாக்கியைக் கனவு கண்டான், அது அப்படியே பிறந்தது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. முதல் பாதி பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் 'மலிவான' என்ற சொல் மட்டும் பொய். அந்தத் துப்பாக்கி மலிவாக ஆவதற்குப் பத்து வருடம் பிடித்தது. அந்தப் பத்து வருடம் அதைக் காப்பாற்றியது பழைய பாணியில் இரும்பைக் குடைந்து செய்த ஒரு பெட்டியும், அதில் மரை போட்டுத் திருகிய ஒரு குழலும்தான்.

துப்பாக்கிக்கு நடுவில் ஒரு பெட்டி இருக்கும். ரிசீவர் என்பார்கள். முன்பக்கம் குழல், பின்பக்கம் கட்டை, கீழே விசை, உள்ளே முன்னும் பின்னும் ஓடும் போல்ட் என்று எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். இந்தப் பெட்டியை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, கெட்டியான எஃகுக் கட்டியை எடுத்து மில்லிங் மெஷினில் வைத்து வேண்டாததையெல்லாம் சீவி எறிந்து பெட்டியாகக் குடைந்தெடுப்பது. சிற்பி கல்லைச் செதுக்குவது மாதிரி. இன்னொன்று, மெல்லிய எஃகுத் தகட்டை பிரஸ்ஸில் வைத்து மடித்துப் பெட்டியாக்கி, உறுதி வேண்டிய இடத்தில் மட்டும் கெட்டித் துண்டுகளை வைத்து ரிவிட் அடிப்பது. முதலாவதில் வாங்கிய இரும்பில் பெரும்பகுதி சீவலாகக் குப்பைக்குப் போகும். இரண்டாவதில் வீண் குறைவு, நேரமும் குறைவு.

கலாஷ்னிகோவும் அவரோடு வேலை செய்த அலெக்சாந்தர் ஜைத்சேவ் போன்றவர்களும் முதலில் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழியைத்தான். 1948-ல் இஷெவ்ஸ்க் நகரில் உற்பத்தி தொடங்கியபோது வந்த துப்பாக்கிகள் தகட்டு ரிசீவர் கொண்டவை. காகிதத்தில் பிரமாதமான யோசனை. தொழிற்சாலையில்? உள்ளே போல்ட் ஓடுவதற்கான தடங்களைத் தகட்டில் வெல்டு செய்வதில் சிக்கல் வந்தது. ரிஜெக்ட் ஆகும் ரிசீவர்கள் மலையாகக் குவிந்தன.

காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பொறி தட்டும். பிராசஸ் காஸ்டிங் பாடத்தில் சாதாரண இழப்பு, அசாதாரண இழப்பு என்று இரண்டைப் பிரித்துச் சொல்லித்தருவார்கள். எஃகைக் குடையும்போது விழும் சீவல் சாதாரண இழப்பு. எவ்வளவு விழும் என்று முதலிலேயே தெரியும், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், ஸ்கிராப்பாகவும் விற்கலாம். ஆனால் முக்கால்வாசி வேலை முடிந்து, கடைசியில் பரிசோதனையில் தோற்றுப்போகும் ரிசீவர் அசாதாரண இழப்பு. அதில் இரும்பு மட்டும் போகவில்லை. அதுவரை செய்த கூலி, மின்சாரம், மெஷின் நேரம் எல்லாம் சேர்ந்து போகிறது. இன்றைக்கு எத்தனை போகும், நாளைக்கு எத்தனை போகும் என்றும் சொல்ல முடியாது. ஆக, காகிதத்தில் மலிவான முறை தொழிற்சாலையில் விலை கூடிய முறையாகிவிட்டது.

அப்போது எடுத்த முடிவுதான் இந்தக் கதையிலேயே பாராட்ட வேண்டிய முடிவு. உற்பத்தியை நிறுத்தவில்லை. 'இல்லை, தகடுதான் எதிர்காலம்' என்று பிடிவாதமும் பிடிக்கவில்லை. 1951 முதல் தகட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் குடைந்தெடுத்த ரிசீவருக்கு மாறினார்கள். பின்னோக்கிப் போனார்கள் என்றே சொல்லலாம். சேகரிப்பாளர்கள் இன்று டைப் 2, டைப் 3 என்று பெயரிட்டு அழைப்பவை இந்தக் காலத்துத் துப்பாக்கிகள்தான்.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், அதிக எஃகையும் அதிக வேலையையும் விழுங்கும் இந்த முறைக்கு மாறியதும் உற்பத்தி வேகம் பிடித்தது. எப்படி? இஷெவ்ஸ்க் 1807-லிருந்து துப்பாக்கி செய்யும் ஊர். மோசின்-நகான் என்ற பழைய போல்ட் ரைஃபிளை லட்சக்கணக்கில் செய்து தள்ளிய ஊர். அந்த ரைஃபிளின் ரிசீவரும் எஃகைக் குடைந்து செய்ததுதான், அதன் குழலும் மரை போட்டுத் திருகியதுதான். ஆகவே மெஷின் இருந்தது, டூல்ஸ் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வேலை கைக்குப் பழகிய ஆட்கள் இருந்தார்கள். புதிய யுகத்தின் துப்பாக்கியைக் கரையேற்றியது ஜார் காலத்து ரைஃபிள் செய்த பட்டறை! இது எந்த ஆவணப்படத்திலும் முக்கியக் காட்சியாக வருவதில்லை.

குழல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு முறைகளின் வித்தியாசமும் அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது.

குடைந்தெடுத்த ரிசீவரின் முன்பக்கம் கெட்டியான எஃகு. போல்ட் வந்து பூட்டிக்கொள்ளும் பள்ளங்களும் அதே கட்டியில் செதுக்கியவை. குழலின் பின்முனையில் வெளிமரை, ரிசீவரில் உள்மரை. தண்ணீர்க் குழாயில் டேப் மாட்டுவதுபோலத் திருகி இறுக்க வேண்டும். கேட்க ரொம்பச் சுலபமாக இருக்கிறது இல்லையா? ஆனால் வீட்டில் டேப் மாட்டியவர்களுக்கே தெரியும். நன்றாக இறுகும்போது வாய் சுவரைப் பார்த்து நிற்கும், வாய் நேராக வரும்போது இறுக்கம் போதாது. துப்பாக்கிக் குழலிலும் இதே தொல்லைதான், ஆனால் இங்கே நூலைச் சுற்றிச் சமாளிக்க முடியாது. குழல் முழுசாக இறுக வேண்டும். இறுகிய அதே நிலையில் அதன் மேல் உட்காரும் குறிமுள் நேர் மேலே நிற்க வேண்டும். அதே நேரத்தில் தோட்டா போய் உட்காரும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையிலான அளவும் (ஹெட்ஸ்பேஸ் என்பார்கள்) சரியாக வர வேண்டும். அந்த அளவு பிசகினால் சுடுபவருக்கே ஆபத்து. மூன்று நிபந்தனை, ஒரே திருகு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று நகரும். அதனால் மரை எங்கே தொடங்குகிறது என்பது முதற்கொண்டு எல்லாமே துல்லியமாக இருக்க வேண்டும், பொருத்துபவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும். அனுபவசாலிக்குச் சம்பளமும் அதிகம், அவரை உருவாக்க வருடங்களும் அதிகம்.

1959-ல் வந்த ஏகேஎம் இந்த முடிச்சை அவிழ்த்தது. தகட்டு ரிசீவர் திரும்பி வந்தது, இந்த முறை வெற்றியோடு. 1 மி.மீ. தடிமன் தகடு, அவ்வளவுதான். முன்னாலும் பின்னாலும் மட்டும் சின்னக் கெட்டித் துண்டுகளை வைத்து ரிவிட் அடித்துவிட்டார்கள். முன்பக்கத் துண்டுக்கு ட்ரனியன் என்று பெயர். போல்ட் பூட்டிக்கொள்வது இப்போது அந்தச் சின்னத் துண்டில். அடி முழுவதையும் அது வாங்கிக்கொள்வதால் மீதிப் பெட்டி தகரம் மாதிரி இருந்தாலும் பாதகமில்லை. குழலை இனித் திருகுவதில்லை. ட்ரனியனுக்குள் அழுத்திச் செருகி, குறுக்கே ஒரு பின் அடித்துவிடுவார்கள். நேராக நிற்பது ஒரு காரியம், எவ்வளவு ஆழம் போகிறது என்பது இன்னொரு காரியம். ஒன்றையொன்று இழுப்பதில்லை. மூத்த தொழிலாளியின் கைப்பக்குவத்தில் இருந்த விஷயம் பிரஸ்ஸுக்கும் ஜிக்குக்கும் இடம் மாறியது. துப்பாக்கியின் எடையும் ஏறத்தாழ 3.1 கிலோவுக்கு இறங்கியது.

இதில் புது விஞ்ஞானம் எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீடத்தில் தவறாகப் பொறித்த அந்த ஸ்டூர்ம்கெவேர்-44-லேயே தகட்டுப் பெட்டி உண்டு. அதை வடிவமைத்த ஹியூகோ ஷ்மைஸரை 1946 முதல் 1952 வரை இஷெவ்ஸ்கிலேயே வைத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு 'ஏகே-47 உண்மையில் ஷ்மைஸருடையது' என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். அந்த வாதம் நிற்காது. தகட்டு வித்தையைக் கரைத்துக் குடித்த ஒருவர் பின்னாலிருந்து எல்லாம் செய்து கொடுத்தார் என்றால், அவர் அங்கே இருந்த வருடங்களில்தானே தகட்டு ரிசீவர் தோற்றது, குடைந்தெடுத்த ரிசீவர் வந்தது? அவர் ஊர் திரும்பி ஏழு வருடம் கழித்துத்தான் தகடு ஜெயித்தது. கலாஷ்னிகோவா ஷ்மைஸரா என்று இரண்டு பெயரை வைத்து மல்லுக்கட்டுவதே வீண். வெல்டிங்கையும் பிரஸ்ஸையும் வருடக்கணக்கில் சரிசெய்து, ரிஜெக்ட்டைக் குறைத்த பெயர் தெரியாத பொறியாளர்களும் ஃபோர்மேன்களும்தான் அந்தத் துப்பாக்கியை மலிவாக்கியவர்கள். அவர்களுக்குச் சிலை கிடையாது.

சரி, அப்படியானால் குடைந்தெடுத்த ரிசீவர் ஒரு தற்காலிகக் கட்டைக்கால்தானா? அப்படியும் முடிவுகட்ட முடியாது. ஃபின்லாந்தைப் பாருங்கள். 1960-களில் அவர்கள் செய்த ஆர்கே 62 குடைந்தெடுத்த ஏகேயை அடிப்படையாகக் கொண்டது. மொத்தம் சுமார் 3,50,000 துப்பாக்கிகள்தான். 1970-களில் தகட்டு ரிசீவரையும் முயன்று பார்த்தார்கள். 1990-களில் வந்த ஆர்கே 95-ல் திரும்பவும் குடைந்தெடுத்த ரிசீவர்தான். பைத்தியக்காரத்தனமா? இல்லை. பிரஸ், டை, ஜிக் என்று ஆரம்பத்திலேயே கொட்ட வேண்டிய நிலைச் செலவு மிகப் பெரியது. கோடிக்கணக்கில் செய்யும் சோவியத்துக்கு அது ஒரு துப்பாக்கிக்குச் சில காசுதான். சில லட்சம் செய்யும் சின்ன நாட்டுக்கு? பிரேக் ஈவன் கணக்குப் போட்டால் எஃகைச் சீவி எறிவது அப்படியொன்றும் ஊதாரித்தனமாகத் தெரியாது. அந்த ஆர்கே 62 இன்றைக்கும் ஃபின்லாந்து ராணுவத்தில் இருக்கிறது, 2010-களில் புதுப்பிக்கவும் செய்தார்கள். இஸ்ரேலின் கலில் துப்பாக்கியும் அந்த ஃபின்லாந்து ரிசீவரிலிருந்து கிளைத்ததுதான், கனம் என்ற குறை அதற்குக் கடைசிவரை போகவில்லை.

யூகோஸ்லாவியாவின் கதை இன்னும் சுவாரசியம். 1948-லேயே மாஸ்கோவோடு முறைத்துக்கொண்ட நாடு, அதனால் லைசென்ஸும் வரைபடமும் கிடைக்கவில்லை. கையில் கிடைத்த துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்துத் தாங்களாகவே செய்தார்கள். அவர்களுடைய எம்70 முதலில் குடைந்தெடுத்த ரிசீவர், திருகிய குழல். பிறகு செலவைக் குறைக்க ரிசீவரை அப்படியே வைத்துக்கொண்டு, மரையை மட்டும் விட்டுவிட்டுக் குழலை அழுத்திப் பொருத்தத் தொடங்கினார்கள். அதற்கும் பிறகுதான் தகடு, அதுவும் 1.5 மி.மீ. தடிமனில். அதாவது மொத்தமாக மாறக் காசு இல்லாதபோது, எந்த வேலை அதிகம் தின்கிறதோ அதை முதலில் கழற்றினார்கள். அவர்கள் முதலில் கழற்றியது மரையைத்தான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

'எவனும் செய்யலாம்' என்பவர்கள் உடனே பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் ஊரைக் காட்டுவார்கள். அங்கே சின்னச் சின்னப் பட்டறைகளில் ஏகே செய்கிறார்களே என்பார்கள். செய்கிறார்கள்தான். ஆனால் அது கைவினை. ஒவ்வொன்றாக அராவிப் பொருத்துகிற வேலை. ஒன்றிலிருந்து கழற்றிய போல்ட்டை இன்னொன்றில் மாட்டினால் பொருந்தும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? ராணுவத்துக்கு வேண்டியது அந்த உத்தரவாதம்தான். தர்ராவின் பட்டறைகள் நிரூபிப்பது அந்தக் கைகளின் திறமையை, துப்பாக்கியின் எளிமையை அல்ல.

இந்தியாவுக்கும் இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. திருச்சியில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை, ஏகே வழியில் வந்த 7.62 மி.மீ. 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்ற துப்பாக்கியைச் செய்கிறது. உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் ரஷ்யாவோடு கூட்டாக ஏகே-203 தொழிற்சாலை. அதன் தொடக்க விழா 2019 மார்ச்சில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 டிசம்பரில். 35,000 துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது 2024 ஜூலையில். 'ஒரு ஏகே செய்ய இவ்வளவு நாளா?' என்று கேலி செய்தவர்கள் நிறைய. விலைப் பேச்சு, உக்ரைன் போர் என்று காரணங்கள் இருந்தன, தாமதத்தை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேலிக்கு அடியில் இருப்பது அதே பழைய நம்பிக்கை. வரைபடம் வந்துவிட்டால் துப்பாக்கி வந்துவிடும் என்ற நம்பிக்கை. வரைபடத்தைப் போட்டவர்களிடமே, அதே ஊரிலேயே, 1948-ல் அது வரவில்லையே!

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது அவ்வளவு இனிமையானது அல்ல. ஏகே-47 பிறந்து பல வருடங்களுக்கு சோவியத் சிப்பாய்களுக்கே பெரிய அளவில் கிடைக்கவில்லை, 1956 வாக்கில்தான் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. பிரஸ் ஜெயித்த பிறகுதான் கதை மாறியது. சீனா தன் டைப் 56-ஐ முதலில் குடைந்தெடுத்துத்தான் செய்தது, 1960-களில் தகட்டுக்கு மாறியது. ஒவ்வொரு நாடாக அதே வழியில் போயின. இன்று இந்தக் குடும்பத்துத் துப்பாக்கிகள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 10 கோடி இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. 2007-ல் உலக வங்கி வெளியிட்ட ஒரு ஆய்வுக் கட்டுரை அரிசி, கோதுமை விலையை ஆராய்வதுபோல நாடு நாடாக ஏகே விலையை ஆராய்ந்தது. ஆப்பிரிக்காவில் அது மற்ற இடங்களைவிட மலிவு, எல்லைகளில் தடையில்லாமல் புழங்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றது. சிறுவன் கையில் அந்தத் துப்பாக்கி இருக்கும் படங்களைப் பார்த்து எல்லோரும் கலாஷ்னிகோவைத் திட்டுகிறார்கள். அவரும் கடைசிக் காலத்தில் அந்தப் பாரத்தைச் சுமந்தார். புல் வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றுகூட ஒருமுறை சொன்னார். ஆனால் 1951-ல் செய்த முறையிலேயே, எஃகைக் குடைந்து, மரை போட்டு, அனுபவசாலி ஒருவர் குழலைத் திருகிப் பார்த்துப் பார்த்து நிறுத்தும் முறையிலேயே அந்தத் துப்பாக்கி நின்றுபோயிருந்தால், இத்தனை கோடி வந்திருக்குமா? மலிவுக்குக் கைதட்டுகிறவர்கள் மலிவின் இந்தக் கணக்கையும் அதே பேரேட்டில்தான் எழுத வேண்டும்.

அமேதியில் இப்போது செய்யும் ஏகே-203-ம் தகட்டு ரிசீவர்தான், குழல் அழுத்திப் பின் அடித்ததுதான். உதிரிபாகங்களில் உள்நாட்டுப் பங்கைப் படிப்படியாகக் கூட்டுவது என்பது திட்டம். செய்தித்தாள்களில் கொட்டை எழுத்தில் வருவது ஆறு லட்சம் என்ற எண். இஷெவ்ஸ்கின் 1948-ஐத் தெரிந்தவர்கள் முதலில் கேட்கப்போகும் எண் வேறு. நூறு ரிசீவர் போனால், அதில் எத்தனை பரிசோதனை மேஜையைத் தாண்டி வருகிறது?